தராசில் ஏறுவதற்கு முன்: தேனாம்பேட்டைப் பழைய பேப்பர் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

தேனாம்பேட்டையிலும் அதை அடுத்த ஆழ்வார்பேட்டை, ராயப்பேட்டை, நந்தனம் பகுதிகளிலும் பழைய பேப்பர் கடை நடத்திவரும் அன்பர்களுக்கும், அக்கடைகளின் பொருட்டு மூன்று சக்கர வண்டியை மிதித்துத் தெருத்தெருவாக வந்து எடைபோட்டு வாங்கிச் செல்லும் சகோதரர்களுக்கும் வணக்கம்.

உங்களுக்கு நான் கடிதம் எழுதுவது இதுவே முதல் தடவை. எல்டாம்ஸ் சாலையிலிருந்து கிளை பிரியும் சந்துகளிலும், கே.பி. தாசன் சாலையிலும், ஆலையம்மன் கோவிலைச் சுற்றியுள்ள தெருக்களிலும் பிற்பகல் வேளைகளில் கையில் ஒரு துணிப்பையுடன் வந்து, கடை வாசலில் நின்று, "தீப்பெட்டிப் படம் ஏதாவது வந்ததா?" என்று விசாரித்துவிட்டுப் போகும் எழுபது வயது கடந்த மனிதர் ஒருவரை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள், அந்த மனிதர் நான்தான். வந்ததென்றால் எடுத்துக் கொடுத்தும், வரவில்லையென்றால் "அடுத்த வாரம் பாருங்க ஐயா" என்று மரியாதையாகச் சொல்லியும் என்னை நீங்கள் அனுப்பிவைத்திருக்கிறீர்கள். அந்த நன்றியை முதலில் தெரிவித்துவிட்டே மேற்கொண்டு எழுத விரும்புகிறேன்.

ஒருவரிடம் நேரில் சொன்னால் அந்தச் சொல் அந்த ஒரு கடையோடு நின்றுவிடுகிறது. நம் பேட்டையிலோ ஒன்றன்பின் ஒன்றாகப் பரண்கள் இறங்கிக்கொண்டிருக்கின்றன. முன்புறம் வராந்தாவும் பின்புறம் கிணறும் இரண்டு தென்னைகளுமாக நின்ற தனி வீடுகள் இடிந்து அடுக்குமாடிகளாக உயரும்போது, தேக்குக் கட்டிலையும் பீரோவையும் வாங்கிக்கொண்டு போக வேறு வியாபாரிகள் வருகிறார்கள். பித்தளைக்குப் பாத்திரக் கடைக்காரர் வருகிறார். ஆனால் அந்த வீட்டில் வாழ்ந்த ஒருவர் தம் ஓய்வு நேரத்தையெல்லாம் செலவிட்டு, ஒருவருக்கும் உபத்திரவமில்லாமல், ஒரு தகரப் பெட்டியிலோ பழைய கணக்கு நோட்டிலோ சேர்த்துவைத்த தீப்பெட்டிப் படங்களும், பஸ் டிக்கெட்டுகளும், சினிமாப் பாட்டுப் புத்தகங்களும், கலியாணப் பத்திரிகைகளும், சோடா மூடிகளும் காகிதத்தோடு காகிதமாகவும் தகரத்தோடு தகரமாகவும் உங்கள் தராசுக்கே வந்து சேருகின்றன. 1985-ஆம் ஆண்டு மே மாதத்தில் மூர் மார்க்கெட் தீக்கிரையான பிறகு, என்னைப் போன்றவர்களுக்கு இந்தப் பட்டணத்தில் எஞ்சியுள்ள மூர் மார்க்கெட் உங்கள் கடைகள்தாம். ஒரு சேகரம் பிழைப்பதும் அழிவதும் அது உங்கள் கடையில் தங்கும் அந்த நாலைந்து நாட்களில் நிர்ணயமாகிறது என்பது என் நெடுநாள் அனுபவம்.

சென்ற ஐப்பசியில் என் நண்பர் ஒருவர் காலமானார். மருந்துக் கம்பெனி ஒன்றின் பிரதிநிதியாக முப்பது வருஷம் தென் ஜில்லாக்களில் சுற்றியவர். சாத்தூரில் இறங்கினாலும் சங்கரன்கோவிலில் தங்கினாலும், டாக்டர்களைப் பார்த்து முடித்த பிறகு அந்த ஊர்ப் பெட்டிக்கடையில் புதிய தினுசுத் தீப்பெட்டி ஏதாவது உண்டா என்று கேட்டு வாங்கி, அறைக்குத் திரும்பி, படத்தைப் பக்குவமாக நனைத்து உரித்து, காயவைத்து, எந்த ஊர், எந்தக் கடை, எந்தத் தேதி என்று நீள நோட்டு ஒன்றில் பென்சிலால் குறித்துக்கொள்ளாமல் அவர் உறங்கியதில்லை. நாங்கள் இருவரும் ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர் வீட்டு மாடியில் உட்கார்ந்து இரட்டைப் பிரதிகளை மாற்றிக்கொள்வோம். அவர் காலமானபோது நான் மகள் வீட்டுக்கு வெளியூர் போயிருந்தேன். திரும்பி வந்து துக்கம் விசாரிக்கப் போனபொழுது வீடு காலியாகிவிட்டிருந்தது. பிள்ளைகள் பொல்லாதவர்கள் அல்லர்; பத்து நாள் விடுப்பில் வந்து, கிரியைகளையும் முடித்து, வீட்டையும் ஒப்படைத்துவிட்டுத் திரும்ப வேண்டிய அவசரத்தில், அந்த ஆல்பங்கள் இன்னவை என்று அவர்களுக்குச் சொல்வார் ஒருவருமில்லை.

பக்கத்துச் சந்தில் உள்ள கடைக்கு ஓடினேன். முதல் நாள் மாலையே லாரி வந்து கட்டுகளை ஏற்றிப் போய்விட்டது. நான் பேசாமல் நின்றதைப் பார்த்த கடைக்காரர் உள்ளே போய், ஒரு பிஸ்கட் தகரப் பெட்டியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். "தகரத்தைத் தனியாப் போடலாம்னு கவுத்தப் பார்த்தேன், உள்ளே படமா இருந்துச்சு, உங்க ஞாபகம் வந்துச்சு, வச்சிட்டேன்" என்றார். அதற்குப் பணம் வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டார். அதில் முந்நூற்றுச் சொச்சம் படங்கள் இருந்தன. மூன்று ஆல்பங்களும் போய்விட்டன. அவற்றைவிடப் பெரிய நஷ்டம் அந்த நோட்டுப் போனது.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதை விளக்குவதற்கு, இரண்டு விரற்கடை அகலமுள்ள ஒரு காகிதத் துண்டில் என்ன இருக்கிறது என்று நான் சொல்ல வேண்டும்.

உரசினால் பற்றும் குச்சியை முதன்முதல் விலைக்கு விற்றவர் இங்கிலாந்தில் ஸ்டாக்டன் என்ற ஊரில் மருந்துக் கடை வைத்திருந்த ஜான் வாக்கர். அது 1827-ஆம் வருஷம். பெட்டியின் பக்கத்தில் மட்டுமே உரசிப் பற்றவைக்கக்கூடிய, அபாயம் குறைந்த தீக்குச்சியைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் செய்து, உலகமெங்கும் பரப்பியவர்கள் ஸ்வீடன் தேசத்தார். நம் தேசத்துக்குக் கப்பலில் வந்து இறங்கிய தீப்பெட்டிகள் பெரும்பாலும் ஸ்வீடனிலிருந்தும், பின்பு ஜப்பானிலிருந்தும் வந்தவையே. வாங்குகிறவன் படிப்பறியாதவனாயினும் படத்தைப் பார்த்துச் சரக்கை அடையாளம் கண்டுகொள்வான் என்பதை அந்த வியாபாரிகள் நன்கு அறிந்திருந்தார்கள். ஆகையால், பனி பெய்யும் அந்நாட்டு அச்சுக்கூடத்தில், நம் கோவில் வாசலை ஒருநாளும் மிதித்திராத ஒரு சித்திரக்காரன், ரவிவர்மாவின் படங்களைப் பார்த்து லக்ஷ்மியையும் சரஸ்வதியையும் கிருஷ்ணனையும் இரண்டு விரற்கடைக்குள் அடக்கி வரைந்தான். அப்படி ஒரு படம் என்னிடம் உண்டு. லக்ஷ்மியின் காலடித் தாமரை, தாமரையைக் கண்டிராத கை வரைந்ததாகையால், முட்டைக்கோஸைப் போல் இதழ் மூடிக் கிடக்கிறது. ஆனாலும் முகத்தில் ஒரு சாந்தம் இருக்கிறது. பெயர் தெரியாத அந்தக் கலைஞன் சிரத்தையோடுதான் வரைந்திருக்கிறான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

1922-ஆம் வருஷத்தில் சிவகாசியிலிருந்து அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரண்டு வாலிபர்கள் கல்கத்தாவுக்குப் போய், பூர்ண சந்திர ராய் என்பவரிடம் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பி, அடுத்த வருஷமே தம் ஊரில் அதைத் தொடங்கினார்கள். மழை குறைந்த, விவசாயம் கைகொடுக்காத அந்த வறண்ட பூமியின் காற்றே தீக்குச்சி உலருவதற்கு அநுகூலமாயிற்று. சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரங்களில் 'தீப்பெட்டி ஆபீஸ்' என்று மக்கள் வழங்கும் சிறு சிறு தொழிற்கூடங்கள் நூற்றுக்கணக்கில் எழுந்தன. மறுபக்கம், ஸ்வீடன் முதலாளிகளின் விம்கோ கம்பெனி, நம் திருவொற்றியூர் உள்ளிட்ட பல ஊர்களில் யந்திரங்களைப் பூட்டி லக்ஷக்கணக்கில் உற்பத்தி செய்தது. வடசென்னையில் விம்கோ நகர் என்ற பெயர் இன்றும் அதை ஞாபகப்படுத்துகிறது. யந்திரம் இல்லாத சிறிய ஆபீஸ்காரருக்குப் பெரிய கம்பெனியோடு போட்டியிடக் கிடைத்த ஆயுதம் படம் ஒன்றுதான். கிளி, மயில், அணில், மாம்பழம், ரயில், ஆகாய விமானம், கடிகாரம், சாவி, சிலம்பம் சுற்றும் வீரன், சினிமா நட்சத்திரம், சிறுத்தையோடு மல்லுக்கட்டும் மனிதன் என்று கண்ணில் பட்டதெல்லாம் தீப்பெட்டியின் மேல் ஏறிற்று. இந்தப் படங்களை வர்ணத்தில் அச்சடிப்பதற்காக வந்த கல்லச்சு யந்திரங்களும் அவற்றைக் கையாளப் பழகிய மனிதர்களுமே, பிற்காலத்தில் பாரத தேசத்துக் காலண்டர்களையெல்லாம் சிவகாசியில் அச்சாக வைத்தார்கள். நேரு அவ்வூரைக் 'குட்டி ஜப்பான்' என்று அழைத்ததாகச் சொல்வார்களே, அந்தப் புகழுக்கு அஸ்திவாரம் இந்தச் சிறு காகிதம்.

இதே காகிதத்துக்கு மற்றொரு சரித்திரமும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் நான் உண்மையை மறைத்தவனாவேன். கட்டையில் குச்சி அடுக்கியவையும், பெட்டிக்குப் பசை தடவிப் படம் ஒட்டியவையும் பல காலம் பள்ளிக்கூடத்தில் இருந்திருக்க வேண்டிய குழந்தைகளின் விரல்கள். சிவகாசித் தொழிற்கூடங்களில் குழந்தைகள் வேலை செய்வது பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் விரிவான தீர்ப்பு வழங்கியது. பழைய படம் ஒன்றை உரிக்கும்போது அதன் பின்புறம் காய்ந்த பசையில் சில சமயம் ஒரு விரல் ரேகை பதிந்திருப்பதைக் காண்கிறேன். சிறிய ரேகையாக இருந்தால் அன்று மேற்கொண்டு வேலை ஓடுவதில்லை. அப்படிப்பட்ட படங்களைத் தனியே ஒரு உறையில் வைத்திருக்கிறேன். அவற்றை யாருக்கும் மாற்றிக் கொடுத்ததில்லை.

தேதி அச்சிடப்படாத காகிதத்துக்கு வயது கண்டுபிடிப்பது எப்படி என்று உங்களில் ஒரு தம்பி என்னைக் கேட்டார். அவருக்கு அன்று நின்றபடியே சொன்னதை இங்கே உட்கார்ந்து சொல்கிறேன். 1934-ஆம் வருஷத்தில் தீப்பெட்டிக்குக் கலால் வரி விதிக்கப்பட்டது. வரி கட்டியதற்கு அடையாளமாகப் பெட்டியின் மேல் மெல்லிய காகிதப் பட்டை ஒன்று நெடுங்காலம் ஒட்டப்பட்டு வந்தது. பட்டையின் சுவடு படத்தின் மேல் தெரிந்தால் அது ஒரு குறிப்பு. 'நயா பைசா' என்ற சொல் காணப்பட்டால் அது 1957-க்கும் 1964-க்கும் இடைப்பட்டது. 'மதராஸ் ஸ்டேட்' என்றிருந்தால் 1969 ஜனவரியில் நம் ராஜ்யம் தமிழ்நாடு என்று பெயர் பெறுவதற்கு முந்தியது. சிவகாசி விலாசத்தில் 'ராமநாதபுரம் ஜில்லா' என்று கண்டால் பெரும்பாலும் 1985-க்கு முன், விருதுநகரைத் தலைநகராகக் கொண்ட ஜில்லா பிரிவதற்கு முந்திய அச்சு. மரச் சீவலால் செய்து நீலக் காகிதம் சுற்றிய பெட்டியின் மேல் ஒட்டிய படம் வேறு; இன்று அட்டையின் மேலேயே அச்சாகிவிடும் படம் வேறு. ஐம்பது பைசாவாக இருந்த பெட்டி 2007-இல் ஒரு ரூபாயாகி, பதினான்கு வருஷம் அந்த விலையிலேயே நின்று, 2021 டிசம்பர் முதல் தேதி இரண்டு ரூபாயானதும் ஒரு எல்லைக்கல்.

ஆனால் இவையெல்லாம் காலத்தைத் தோராயமாகக் காட்டுமேயன்றி, ஒரு படம் எந்த ஊர்க் கடைவரை போய் விற்றது, எந்த வருஷத்தில் மறைந்தது, எந்தப் படத்தைப் பார்த்து எது காப்பியடித்தது என்பதைச் சொல்லமாட்டா. சிறிய ஆபீஸ்கள் பல, பேரேடுகூட மிஞ்சாமல் மூடிப்போய்விட்டன. 1967 ஆடியில் கழுகுமலையில், தேரடிக்கு எதிர்க் கடையில், இந்தக் கிளிப் படம் கிடைத்தது என்று என் நண்பர் பென்சிலால் எழுதிவைத்த ஒரு வரி, அந்தக் கிளி வாழ்ந்ததற்கு உலகத்தில் இருந்த ஒரே சாட்சியமாகக்கூட இருக்கலாம். படம் போனால் இன்னொரு பிரதி எங்கேனும் அகப்படும். அந்த வரி மறுபடியும் அகப்படாது.

படத்தை உரிப்பதிலும் ஒரு சுகம் உண்டு. அதை அறியாதவருக்கு இந்தப் பித்து எப்படிப் பிடிக்கிறது என்பது விளங்காது. வெதுவெதுப்பான நீரைத் தட்டில் ஊற்றி, பெட்டியைப் படம் மேலாக மிதக்கவிட வேண்டும். அவசரப்பட்டு நகத்தை வைக்கலாகாது. மாவுப் பசையாயிருந்தால் கால் மணி நேரத்தில் ஓரம் தானே நெகிழ்ந்து மேலெழும். அப்பொழுது படத்தைப் பெட்டியிலிருந்து இழுக்காமல், பெட்டியைப் படத்திலிருந்து விலக்க வேண்டும். பின்பக்கத்துப் பசையை ஈரப் பஞ்சால் ஒற்றி எடுத்து, மை ஒற்றும் காகிதம் இரண்டின் நடுவே வைத்து, அதன் மேல் கனமான புத்தகம் ஒன்றை ஏற்றிவிட்டால் மறுநாள் காலை தகடு போல் இருக்கும். சில மலிவான சிவப்பு மைகள் நீர் பட்டதும் கரைந்து ஓடிவிடும். அவற்றை உரிக்காமல் பெட்டியோடு வைப்பதே விவேகம். இந்த வேலை நடக்கும் ஒரு மணி நேரமும் மனத்தில் வேறு சிந்தனை தலைகாட்டுவதில்லை. அண்ணா சாலையின் வாகன இரைச்சல் ஜன்னல் வழியாக வந்துகொண்டேயிருக்கும்; அது காதில் விழாது.

இந்த ஈடுபாடு நம் பேட்டைக் கிழவர்கள் இருவருக்கு மட்டும் உரியதென்று எண்ணவேண்டாம். 1943-ஆம் வருஷத்தில், மகாயுத்தம் நடந்துகொண்டிருக்கையிலேயே, மார்ஜரி எவன்ஸ் என்ற ஆங்கிலேய மாது, அன்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லையும் ஒளியைக் குறிக்கும் லத்தீன் சொல்லையும் சேர்த்து இதற்கு 'ஃபிலுமெனி' என்று பெயர் சூட்டினார். இரண்டு வருஷத்தில் அந்நாட்டில் இதற்கென்று ஒரு சங்கமே ஏற்பட்டது. ஜப்பானில் தேயிச்சி யோஷிசாவா என்பவர் எழுபத்தைந்து வருஷ உழைப்பில் ஏழு லக்ஷத்துக்கு மேற்பட்ட வெவ்வேறு படங்களைச் சேர்த்ததாகக் கின்னஸ் ஏட்டில் பதிவாகியிருக்கிறது. ஸ்வீடனில் யோன்ஷேபிங் நகரத்தின் பழைய தீப்பெட்டித் தொழிற்சாலையையே அருங்காட்சியகமாக வைத்துப் போற்றுகிறார்கள். தமிழ்நாட்டில் பாதி ஜில்லாவை வாழவைத்த இந்தத் தொழிலுக்கு நாமும் அப்படி ஒன்று செய்ய வேண்டும் என்பது என் தீராத ஆசை. செய்யும் நாள் வரும்போது அதில் வைப்பதற்குப் படமும் குறிப்பும் மிஞ்சியிருக்க வேண்டுமே என்பதுதான் என் கவலை.

உங்கள் தொழிலோடு நெருங்கிய ஒரு மகத்தான உதாரணத்தைச் சொல்கிறேன். செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் என்று ஒருவர் இருந்தார். விளம்பரப் பலகை எழுதும் ஓவியராகத் தொழில் செய்தவர். பழைய புத்தகக் கடைகளில் ஏறி இறங்கி, பிறர் வேண்டாமென்று தள்ளியதையெல்லாம் – புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீசு, கலியாணப் பத்திரிகை, கடிதம் உட்பட – தம் கைப்பொருளைச் செலவழித்து வாங்கி வீட்டில் நிரப்பினார். 1992-இல் அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகத்தார் அந்தச் சேகரத்தை முழுமையாக விலைக்கு வாங்கி, கடல் கடந்து கொண்டுபோகாமல் இங்கேயே வைத்து நூலகமாக்கத் துணைநின்றார்கள். ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் என்ற பெயரில் அது இன்று தரமணியில் இருக்கிறது. தமிழ்நாட்டின் அச்சுச் சரித்திரத்தை எழுத விரும்புவோர் உலகத்தின் எந்த மூலையிலிருந்தாலும் அந்தப் படியேற வேண்டியிருக்கிறது. அங்கேயுள்ள பொக்கிஷங்களில் பல, ஏதோ ஒரு காலத்தில் உங்களைப் போன்ற ஒரு வியாபாரி கட்டை அவிழ்த்து, "செட்டியார் கேட்பாரே" என்று ஓரமாக எடுத்துவைத்ததால் பிழைத்தவை என்று நான் பரிபூரணமாக நம்புகிறேன். அவர்களுடைய பெயர்கள் எந்த ஏட்டிலும் இல்லை. இருந்திருக்க வேண்டும்.

2016-இல் காலமான பிலிம் நியூஸ் ஆனந்தன் அவர்களையும் உங்களில் மூத்தவர்கள் அறிந்திருக்கலாம். சினிமா ஸ்டில்களையும் தகவல்களையும் தனியொருவராகச் சேர்த்து, தமிழ்ப் படங்களின் சரித்திரத்துக்கே ஆதாரமாக்கிவைத்தவர். இன்னும் பின்னே போனால், உ.வே. சாமிநாதையர் ஏடு தேடிக் கரிவலம்வந்தநல்லூருக்குப் போனபொழுது, சிதைந்த ஏடுகளை நெய்யில் தோய்த்து ஆகுதி செய்துவிட்டார்கள் என்று கேட்டுத் துடித்த கதை இருக்கிறது. எரித்தவர்கள் பக்தியோடுதான் எரித்தார்கள். இன்னதென்று சொல்ல ஆள் இல்லாதபோது பக்தியும் அழிவுக்குத் துணைபோய்விடுகிறது. அந்தப் பெரியவர் தேடிய சங்கப் பிரபந்தங்களோடு என் கிளிப் படத்தை ஒப்பிட நான் துணியமாட்டேன். அழிவு நேரும் விதம் ஒன்றே என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி என் வேண்டுகோளுக்கு வருகிறேன். உங்கள் தொழிலின் கஷ்டம் எனக்குத் தெரியாததல்ல. கடை பத்தடிக்குப் பத்தடி. வாடகையோ தேனாம்பேட்டை வாடகை. பேப்பர், அட்டை, நோட்டு, புட்டி, இரும்பு என்று மாலைக்குள் பிரித்துக் கட்டியாக வேண்டும். லாரி வரும் நாளில் சரக்கு தயாராக இல்லாவிட்டால் முடங்குவது உங்கள் முதல். மழைக்காலத்தில் ஒரு கூரை ஒழுகினால் ஒரு மாத லாபம் நனைந்து போகும். இவ்வளவுக்கும் நடுவில், பிறர் வீட்டுப் பரணில் கிடந்ததையெல்லாம் ஆராய்ந்து பார்த்துக்கொண்டிருங்கள் என்று நான் கேட்கவில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன்: ஒன்றாக வந்ததை ஒன்றாக வையுங்கள். ஒரே அளவுள்ள சிறு காகிதங்கள் கத்தையாகக் கட்டியோ, ஆல்பத்தில் ஒட்டியோ, தகரப் பெட்டியில் அடுக்கியோ வந்தால், அது ஒரு மனிதர் பல வருஷம் உட்கார்ந்து செய்த காரியம் என்று அறிந்துகொள்ளுங்கள். தகரத்தை இரும்பிலும், அட்டையை அட்டையிலும், காகிதத்தைக் காகிதத்திலும் பிரித்துப் போடாதீர்கள். கூடவே நோட்டோ, டைரியோ, தபால் உறையோ இருந்தால் அதுவும் அந்தச் சேகரத்தின் அங்கமே. வாங்கிய தெரு எது, மாதம் எது என்று மேலே ஒரு வரி எழுதி, ஒரு கோணிப்பையில் போட்டு, கடையின் பின்மூலையில் ஒரு வாரம் வைத்திருங்கள். வீட்டாரின் பெயர்கூட வேண்டாம். அந்த ஒரு வாரத்துக்குள் நானோ என்னைப் போன்ற ஒருவரோ வந்து பார்ப்போம். இனாமாகக் கேட்கவில்லை, எடைக்கு என்ன விலையோ அதைப் போல் ஐந்து மடங்கு கொடுப்பதாக நானும் என் சிநேகிதர்கள் மூவரும் ஒப்புக்கொண்டிருக்கிறோம். எங்களுக்குப் பயன்படாத தினுசு – பாட்டுப் புத்தகமோ, தபால்தலையோ, நாணயமோ – எதுவானாலும் அதற்குரிய ஆளை அழைத்துவருவது எங்கள் பொறுப்பு.

வண்டியில் வரும் சகோதரர்களிடம் வேறொரு சிறு உபகாரம் கோருகிறேன். ஒரு வீட்டில் பெரியவர் ஒருவர் காலமாகி, பிள்ளைகள் அவசர அவசரமாகக் கட்டுகளை வெளியே எடுத்துப் போடுகிற நேரத்தில், அந்நியரானாலும் அந்த வாசலில் நிற்கிற ஒரே ஆள் நீங்கள்தான். "இது ஐயா சேர்த்தது போலிருக்குதே, வேணாமா?" என்று ஒரே ஒரு தடவை கேளுங்கள். அப்படிக் கேட்டதனால், போட்ட கட்டைத் திரும்ப எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்ட ஒரு மகளை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு அன்று அந்தக் கட்டு நஷ்டந்தான். அந்த நஷ்டத்தையும் நாங்கள் ஈடுசெய்கிறோம்.

நம் சாலைகளில் ஒன்றுக்கு செனடாப் சாலை என்று பெயர். கார்ன்வாலிஸ் பிரபுவின் ஞாபகார்த்தமாக ஒரு மண்டபம் ஒரு காலத்தில் அங்கே நின்றது. இன்று அது அங்கே இல்லை, பெயர் மட்டும் பலகையில் இருக்கிறது. கல்லால் கட்டிய மண்டபத்துக்காவது ஒரு தெருப் பெயர் மிஞ்சிற்று. என் நண்பர் பழைய படங்களுக்கு எழுதிய குறிப்புகளுக்கு அந்த நோட்டைத் தவிர வேறு இடம் இல்லை.

அந்த நோட்டைப் பற்றிக் கடைசியாக ஒரு செய்தி. லாரி வருவதற்கு முன்பு யாரோ ஒருவர் கடைக்கு வந்து, வெற்றுத் தாள்கள் மிகுந்திருந்த பழைய நோட்டுகள் சிலவற்றைக் கணக்கு எழுதுவதற்கென்று பொறுக்கி வாங்கிக்கொண்டு போனாராம். அதில் இதுவும் ஒன்றா என்று கடைக்காரருக்கு நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை. ஆகையால் அது கூழாகிவிட்டதென்று எண்ண என் மனம் இசையவில்லை. உங்களில் எவர் கடையிலாவது, அல்லது நம் பேட்டையின் ஏதேனும் ஒரு மளிகைக் கடைக் கல்லாவிலாவது, அது இருக்கலாம். நீளவாட்டில் திறக்கும் நோட்டு. கருநீலக் காலிகோ அட்டை. முதுகில் ஒட்டிய வெள்ளைத் துணி பழுப்பேறியிருக்கும். அட்டையின் மேல் மூலையில் 1961 என்று மையால் எழுதியிருக்கும். உள்ளே எழுத்து பென்சில், தமிழ், இடப்பக்கம் சாய்ந்தது. சுமார் பாதி நோட்டு வரை எழுதியிருக்கும், மீதி வெறுமை. முப்பதாம் பக்கத்தையொட்டி ஒரு டீக்கறை உண்டு; அதற்குக் காரணம் நான்தான், ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கை பட்டு டம்ளர் கவிழ்ந்தது. மீதி வெற்றுத் தாள்களில் இப்பொழுது யாராவது கணக்கு எழுதியிருந்தாலும் பாதகமில்லை; அதற்குப் பதிலாக எத்தனை புதிய நோட்டு வேண்டுமோ வாங்கித் தருகிறேன். சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு மேல் ஆலையம்மன் கோவில் பக்கத்துக் கடைகளிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக வந்துகொண்டிருப்பேன்.

இங்ஙனம்,
தங்கள் அன்புள்ள,
தீப்பெட்டிப் படம் சேர்ப்பவர் ஒருவர்,
தேனாம்பேட்டை, சென்னை.